பெயர் தராத வழக்கு

(நுவரெலியாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கொலை, விவாகரத்து, பேச்சுரிமை என்று மூன்று வகை வழக்குகளையும், அவற்றை ஒரே கையில் வைத்திருந்த விசித்திரமான லோயர்மாரையும் பற்றிப் பேசச் சொன்னார்கள். கேட்டவுடன் தொலைக்காட்சித் தொடர்தான் ஞாபகத்துக்கு வரும். காலையில் கொலைக் கேஸ், மத்தியானம் புருஷன் பெண்சாதி கேஸ், பின்னேரம் பத்திரிகைக் கேஸ், இடையில் நாலு பகிடி. அதற்காக நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. கோட்டுகள் இருக்கும் கொழும்பு புதுக்கடையில் அப்படிப்பட்டவர்கள் நிஜமாகவே இருந்தார்கள். அவர்களில் சிலர் இந்த மலைகளுக்கும் ஏறி வந்தார்கள். எதற்கு வந்தார்கள், எதற்கு வரவில்லை என்பதுதான் இன்றைய பேச்சு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காமன் பண்டிகைக்கு எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து நின்று லாவணி பாடிய மரபில் வந்தவர்கள் நாம். எந்தக் கட்சி என்று சொல்லாமல் மேடையில் நிற்பது அழகல்ல. கொலைக் கேஸ் ஒரு லோயருக்குப் பெயர் வாங்கிக் கொடுக்கும். பேச்சுரிமைக் கேஸ் அவரைச் சரித்திரப் புத்தகத்தில் ஏற்றும். லயத்துப் பெண் ஒருத்தியின் விவாகரத்துக் கேஸ் பெயரும் தராது, புகழும் தராது, காசும் அதிகம் தராது. ஒரு லோயரை எடை போடுவதென்றால் அந்த மூன்றாவது கேஸை வைத்துத்தான் போட வேண்டும். இதுதான் என் கட்சி. இதை ருசுப்படுத்த நான் கூப்பிடும் சாட்சிகள் எல்லோரும் சரித்திரத்தில் உள்ளவர்கள்.

முதல் வழக்கு பேச்சுரிமை வழக்கு. 1936இல் மார்க் அன்ரனி பிரேஸ்கேர்டில் என்ற அவுஸ்திரேலிய இளைஞர் துரைத்தனம் பழக இலங்கைக்கு வந்தார். மடுல்கலைப் பக்கத்தில் ரெலுகாஸ் தோட்டத்தில் வேலை. வயது இருபத்துமூன்று, இருபத்துநாலுதான். லயத்துக்குள் மனிதர் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்தார். பார்த்ததை மறைக்கத் தெரியாதவர். தோட்டத்தில் வேலை போயிற்று. நேரே லங்கா சமசமாஜக் கட்சியில் போய்ச் சேர்ந்துகொண்டார். 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் நடந்த கூட்டத்தில் பேசினார். இந்தியாவிலிருந்து கமலாதேவி சட்டோபாத்யாயா வந்திருந்த கூட்டம் அது. ஒரு வெள்ளைக்காரர் தோட்டத் தொழிலாளர்களுக்கு முன்னால் நின்று, துரைமார் அவர்களை எப்படிச் சுரண்டுகிறார்கள் என்று பேசுவதை அந்த ஊர் அதற்குமுன் கண்டதில்லை. துரைமார் சங்கம் கொதித்தது. தேசாதிபதி சேர் ரெஜினால்ட் ஸ்டப்ஸ் நாடுகடத்தும் உத்தரவில் ஒப்பமிட்டார். ஏப்ரல் 22ஆம் திகதி உத்தரவு கையில் கொடுக்கப்பட்டது. 24ஆம் திகதி மாலைக்குள் கப்பல் ஏறிவிட வேண்டும்.

ஆள் கப்பல் ஏறவில்லை. தலைமறைவானார். பொலிஸ் தீவு முழுக்கத் தேடியது. மே தின ஊர்வலத்தில் சனம் ஸ்டப்ஸை நாடுகடத்து என்று கோஷம் போட்டது. மே 5ஆம் திகதி காலிமுகத்திடலில் பெருங்கூட்டம் கூடியபோது, பொலிஸ் தேடிக்கொண்டிருந்த அதே ஆள் மேடையில் ஏறி நின்றார். அத்தனை சனத்துக்கு நடுவில் பொலிசார் அவரைத் தொடவில்லை. இரண்டு நாளுக்குப் பிறகு புதுக்கடையில், கட்சிச் செயலாளர் வேர்ணன் குணசேகராவின் வீட்டில் வைத்துக் கைதுசெய்தார்கள். உடனே ஆட்கொணர்வு மனு போடப்பட்டது.

அங்கே வருகிறார் எச். வி. பெரேரா. சிவில் வழக்குகளில் இலங்கையின் முதல்வரிசை அப்புக்காத்து. காணி, உறுதி, நம்பிக்கைப் பொறுப்பு, இவைதான் அவர் உலகம். புரட்சிக்காரர்களோடு அவருக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அப்படிப்பட்டவர் ஒரு சதமும் வாங்காமல் பிரேஸ்கேர்டிலுக்காக ஆஜரானார்.

பேச்சுரிமையைப் பற்றி நெஞ்சை உருக்கும் உரை ஒன்றை அவர் நிகழ்த்தியிருப்பார் என்று நினைத்தால் அது தப்பு. தேசாதிபதி பயன்படுத்தியது 1896ஆம் ஆண்டு அரச ஆணை ஒன்று. அந்த அதிகாரம் எந்தச் சூழ்நிலைக்கு உரியது என்பதுதான் வழக்கின் உயிர்நாடி. பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரஹாம்ஸ் தலைமையில் மூன்று நீதியரசர்கள் கேட்டார்கள். யுத்தம், குழப்பம் போன்ற அவசர நிலைமைக்கு எழுதப்பட்ட அதிகாரத்தை நாடு அமைதியாக இருக்கும்போது ஒருவரின் வாயை அடைப்பதற்கு எடுக்க முடியாது என்று முடிவாயிற்று. மே 18ஆம் திகதி பிரேஸ்கேர்டில் விடுதலையானார். தேசாதிபதி தோற்றார்.

சட்டம் படிக்கும் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பேச்சுரிமை பல வேளைகளில் ‘பேச்சுரிமை’ என்ற பெயரில் வெல்லப்படுவதில்லை. அதிகாரத்தின் எல்லை எது என்ற வறண்ட கேள்விக்குள் இருந்துதான் அது வெளியே வருகிறது. மேடைப்பேச்சைக் காப்பாற்றியது மேடையில் பேசத் தெரிந்த ஆள் இல்லை, கட்டளைச் சட்டத்தை வரி வரியாக வாசிக்கத் தெரிந்த ஆள்.

ஆனால் அந்த நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த தொழிலாளிக்கு என்ன உரிமை இருந்தது? தோட்டம் தனியார் நிலம். வெளியாள் உள்ளே வந்தால் அத்துமீறல் குற்றம். ஹட்டனிலிருந்து தொழிற்சங்கம் கட்டிய கோ. நடேசய்யர் புடவை வியாபாரி போல வேஷம் போட்டுக்கொண்டு தோட்டங்களுக்குள் போனார் என்பது நம் பாட்டன்மார் சொல்லிவந்த கதை. அவர் மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடியே தொழிலாளரிடம் அரசியலைக் கொண்டு சேர்த்தார். வாயைத் திறந்த தொழிலாளியை நாடுகடத்தத் தேசாதிபதி தேவையில்லை. துரை பற்றுச்சீட்டைக் கிழித்துக் கொடுத்தால் போதும். வேலை போகும், வேலையோடு காம்பிராவும் போகும். அதற்கு ஆட்கொணர்வு மனுவும் இல்லை, மூன்று நீதியரசர்களும் இல்லை.

இரண்டாவது வகை, கொலை. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியில் முல்லோயா தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம். ஜனவரி 10ஆம் திகதி பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மலையகத் தொழிற்சங்கப் போராட்டத்தின் முதல் தியாகி என்று நாம் போற்றுகின்ற அதே முல்லோயா கோவிந்தன். எழுந்த எதிர்ப்பில் அரசாங்கம் விசாரணை ஆணைக்குழு அமைக்க வேண்டியதாயிற்று. அந்த ஆணைக்குழுவின் முன் கோவிந்தனின் விதவைக்காக ஆஜரானவர் கொல்வின் ஆர். டி சில்வா. பொலிசும் தோட்ட நிர்வாகமும் எப்படி நடந்துகொண்டன என்பதைத் தன் குறுக்கு விசாரணையில் வெளியே கொண்டுவந்தார்.

விசித்திரமான அப்புக்காத்து என்றால் இவரைவிட வேறு ஆளை நான் தேட மாட்டேன். பலப்பிட்டியில் பிறந்த சிங்களவர். லண்டனில் சரித்திரத்தில் கலாநிதிப் பட்டம் வாங்கி, பிரித்தானிய ஆட்சியில் இலங்கை எப்படி இருந்தது என்று இரண்டு பாகங்களில் நூல் எழுதியவர். லங்கா சமசமாஜக் கட்சியின் ட்ரொட்ஸ்கியவாதி. பகலில் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு மன்னரின் நீதிபதிகளைக் கனம் பண்ணிப் பேசுவார். இரவில் மன்னராட்சியை ஒழிக்க வேண்டும் என்று கூட்டத்தில் முழங்குவார். 1940 ஜூனில் கட்சித் தலைவர்களோடு அவரையும் விசாரணையில்லாமல் பிடித்து அடைத்தார்கள். 1942 ஏப்ரலில், ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்ட சில நாட்களுக்குள், கண்டி போகம்பறைச் சிறையிலிருந்து தோழர்களோடு தப்பினார். காவலுக்கு நின்ற சிறைக்காவலரும் கூடவே போய்விட்டார்! அங்கிருந்து இந்தியா, தலைமறைவு வாழ்க்கை. யுத்தம் முடிந்ததும் திரும்பி வந்து, சிறை உடைத்த அதே மனிதர் நாட்டின் தலைசிறந்த குற்றவியல் வழக்கறிஞராக நீதிமன்றத்தில் நின்றார்.

அவர் சிறையில் கிடந்த காலத்தில் மலையில் ஒரு கொலை வழக்கு நடந்தது. 1941 மே மாதம் புப்புரஸ்ஸ ஸ்டெலன்பேர்க் தோட்டத்துத் துரை போப் கொலையுண்டார். தொழிற்சங்கத்தோடு கடும் பகை வைத்திருந்த தோட்டம் அது. வீராசாமி, வேலாய்தன் என்ற இரண்டு தொழிலாளிகள் 1942இல் தூக்கிலிடப்பட்டார்கள். கொலைக்கு நான் நியாயம் தேடவில்லை. போப் துரையும் ஒரு மனிதர்தான். ஆனால் சங்கம் வைத்ததற்காக வேலையும் குடியிருப்பும் போன பிறகு, ஒருவன் தன் குறையை எங்கே போய்ச் சொல்வது என்ற கேள்வி அந்தத் தீர்ப்போடு முடியவில்லை. சொல்ல இடமில்லாத சொல் எங்கே போய் முடிகிறது என்பதை முல்லோயாவையும் ஸ்டெலன்பேர்க்கையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் விளங்கும்.

கொல்வினின் மிகப் புகழ்பெற்ற கொலை வழக்கு மலையில் நடந்ததல்ல, கொழும்பில் நடந்தது. மகாதேவா சதாசிவம். இலங்கைக் கிரிக்கெட் அணித் தலைவர். 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் 215 ஓட்டம் அடித்தவர். துடுப்பைப் பிடித்தால் தேர் ஓடுவது போல் இருக்கும் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். 1951 ஒக்டோபர் 9ஆம் திகதி பம்பலப்பிட்டி சென் அல்பன்ஸ் பிளேஸில் அவருடைய வீட்டுக் கராஜில் அவர் மனைவி ஆனந்தம் பிணமாகக் கிடந்தார். கழுத்து நெரிக்கப்பட்டிருந்தது. வீட்டு வேலைக்கு நின்ற வில்லியம் என்ற இளைஞன் முதலில் சந்தேக நபர். பிறகு அவனே மன்னிப்புப் பெற்று அரச தரப்புச் சாட்சியானான். ஐயா சொன்னார், நான் உதவி செய்தேன் என்பது அவன் கதை. சதாசிவம் எதிரிக்கூண்டில் நின்றார்.

வழக்கு ஒரே ஒரு புள்ளியில் தொங்கியது. அந்தப் பெண் எத்தனை மணிக்கு இறந்தார்? காலை பத்தரை மணியளவில் சதாசிவம் வீட்டைவிட்டுப் போய்விட்டார் என்பது எதிர்த்தரப்பு வாதம். அதற்கு முன்னரே மரணம் என்றால் கணவன் மாட்டுவார், பின்னர் என்றால் வில்லியம். அரச தரப்புக்குப் பேராசிரியர் ஜி. எஸ். டபிள்யூ. டி சேரம் சாட்சி சொன்னார். கொல்வின் எடின்பரோவிலிருந்து சேர் சிட்னி ஸ்மித் என்ற உலகப் புகழ்பெற்ற தடயவியல் நிபுணரைக் கொண்டுவந்தார். வயிற்றில் இருந்த சாப்பாடு, உடலின் சூடு, பாதத்தில் ஒட்டியிருந்த குசினி அழுக்கு என்று ஒவ்வொன்றாக எடுத்து, கொலை நடந்தது குசினியில், கணவன் போன பிறகு என்று வாதம் கட்டினார்கள். நீதியரசர் கிரேஷியன் முன்னிலையில் 57 நாள் விசாரணை. 1953 ஜூன் 25ஆம் திகதி யூரிமார் ஏகமனதாகக் குற்றவாளி இல்லை என்றார்கள். இருபது மாதம் விளக்கமறியலில் இருந்தவர் வெளியே வந்தார்.

எழுபது வருஷத்துக்கு மேலாக இந்த வழக்கைப் பற்றி எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். கொல்வினின் சாமர்த்தியம், சிட்னி ஸ்மித்தின் கெட்டித்தனம், சதாசிவத்தின் துடுப்பாட்டம், எல்லாம் எழுதுவார்கள். ஒரு விஷயத்தை மட்டும் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவார்கள். கொலைக்கு முன்னரே ஆனந்தம் விவாகரத்துக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். கணவரோடு இனி வாழ முடியாது என்று தன் பெயரில், தன் கையொப்பத்தில் மனுப் போட்டிருந்தார். அந்த வழக்கு விசாரணைக்கு வராமலே செத்துப்போயிற்று. அரச தரப்பு அதைக் கொலைக்கான நோக்கமாகக் காட்டியது, எதிர்த்தரப்பு அதைத் தட்டிக்கழித்தது. அவருடைய சொல் இன்னொருவர் வழக்கில் ஓர் ஆவணமாக முடிந்துபோயிற்று. இரண்டு தரப்பிலும் நாட்டின் மூளைகள் எல்லாம் நின்றன. அந்தப் பெண்ணின் மனுவுக்குத்தான் யாரும் பதில் சொல்லவில்லை.

இனி இந்த லோயர்மார் நீதிமன்றத்தைவிட்டுப் பாராளுமன்றத்துக்குப் போனபோது என்ன நடந்தது என்று பார்ப்போம். மலையக மக்களின் தலைவிதி அங்கேதான் எழுதப்பட்டது.

யாழ்ப்பாணத்து ஜி. ஜி. பொன்னம்பலம் கொலை வழக்குகளில் கொல்வினுக்குச் சரிநிகர். மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948 பிரஜாவுரிமைச் சட்டமூலத்தை எதிர்த்துப் பேசினார். அமைச்சரான பிறகு, அடுத்து வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டமூலத்தை ஆதரித்தார். அவருடைய கட்சியிலிருந்து செல்வநாயகம் பிரிந்து போய்த் தமிழரசுக் கட்சி அமைத்ததற்கு அதுவே காரணம். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனம் வென்றிருந்தது. நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை. 1952இல் அந்த ஏழும் இல்லை. வாக்காளர் இடாப்பில் பெயரே இல்லாதவர்களுக்கு ஆசனம் எங்கிருந்து வரும்? கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்த கோடக்கன்பிள்ளை தன் பெயரை இடாப்பில் சேர்க்கக் கேட்டு நடத்திய வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. சிறுபான்மையினரைக் காப்பாற்றும் என்று நாம் நம்பியிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆவது பிரிவை எடுத்துக் காட்டினார்கள். 1953இல் பிரிவி கவுன்சில் கைவிரித்தது. யார் தன் பிரஜை என்று தீர்மானிப்பது ஒரு நாட்டுச் சட்டமன்றத்தின் உரிமை என்று சொல்லிவிட்டது.

1976இல் அதே பொன்னம்பலம், துண்டுப்பிரசுரம் கொடுத்ததற்காகக் கைதான தமிழ்த் தலைவர்கள் அமிர்தலிங்கம் முதலானோருக்காக ட்ரயல் அட் பார் வழக்கில் வாதாடினார். அந்தப் பேச்சுரிமை வழக்குத்தான் அவருடைய கடைசிப் பெரிய வழக்கு. அந்த வழக்கில் தாக்கப்பட்டது 1972 குடியரசு அரசியலமைப்பு. அதை வரைந்தவர் யார்? கொல்வின் ஆர். டி சில்வா.

இவருக்கு அரசியலில் நடந்தது நம் எல்லோருக்கும் பாடம். 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தபோது, ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு என்று எச்சரித்த மனிதர் இவர்தான். அதே கை 1972இல் எழுதிய அரசியலமைப்பில் சிங்களம் அரசகரும மொழியாக உறுதிப்பட்டது. பழைய 29ஆம் பிரிவு காணாமற்போனது. வடக்கு கிழக்குக்குச் சில விலக்குகளோடு நீதிமன்ற மொழியும் சிங்களமாயிற்று. கோவிந்தனின் விதவைக்காக 1940இல் எழுந்து நின்றவர், அப்படிப்பட்ட ஒரு விதவை நுவரெலியாக் கோட்டுக்கு வந்தால் தன் வாயால் சொன்னது வேறொரு மொழியில் பதிவாகும்படி செய்துவிட்டார். அவர் பெருந்தோட்டத்துறை அமைச்சராக இருந்த அரசாங்கந்தான் கம்பனித் தோட்டங்களை அரசுடைமை ஆக்கியது. வெள்ளைக்காரக் கம்பனி போனது நல்லதுதான். ஆனால் காணி யாருக்கு என்ற கேள்வியில் தொழிலாளி மறுபடி வெளியேதான் நின்றான். அவர் பதவியை விட்டுப்போன பின், 1977 மே 11ஆம் திகதி, நுவரெலியா மாவட்டத்துத் தோட்டக் காணிகளைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்து நின்ற டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். முல்லோயாவுக்கும் டெவனுக்கும் இடையில் முப்பத்தேழு வருஷம்.

கொல்வினை இழிவுபடுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு வழக்கில் நம் பக்கம் நின்றவர் எல்லா நாளும் நம் பக்கம் நிற்பார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கெட்டிக்கார லோயர் ஒரு மக்கள் கூட்டத்துக்குக் காவல் தெய்வம் ஆகமாட்டார்.

இதற்கு மாறான ஓர் உதாரணமும் உண்டு. செனட்டராக இருந்த எஸ். நடேசன், குவீன்ஸ் கவுன்சல். 1978இல் ஒரு புகைப்படத்துக்குத் தவறான விளக்கம் போட்டதற்காக ‘ஒப்சேவர்’ பத்திரிகைக்காரர் இருவரைப் பாராளுமன்றமே விசாரித்துத் தண்டித்தது. அது தப்பு என்று நடேசன் ‘சன்’ பத்திரிகையில் தொடர் கட்டுரை எழுதினார். பாராளுமன்றச் சிறப்புரிமையை மீறினார் என்று அவர்மீதே உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. வாதாடி வாதாடிக் கிழவரானவர் எதிரியாக நின்றார். 1980இல் விடுதலையானார். யாரும் கட்டணம் கொடுத்து அவரை அந்தக் கட்டுரைகளை எழுதச் சொல்லவில்லை. கட்சிக்காரன் இல்லாத இடத்திலும் ஒரு கொள்கைக்காகத் தானே கட்சிக்காரனாகி நின்ற மனிதர் அவர்.

சரி, மூன்றாவது வகை வழக்குக்கு வருவோம். என் கட்சி இங்கேதான் நிற்கிறது.

இந்த நாட்டில் கல்யாணத்தை முறிப்பதற்கு ஒரே சட்டம் இல்லை. கண்டியச் சிங்களவர்களுக்கு 1952ஆம் ஆண்டுக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் மணமுடித்த இருவரும் சம்மதித்தால் போதும், கோட்டு வாசல் மிதிக்காமல் மாவட்டப் பதிவாளரிடமே பிரிந்து போகலாம். முஸ்லிம்களுக்குக் காதி நீதிமன்றம் இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழருக்குச் சொத்து விஷயத்தில் தேசவழமை இருக்கிறது. மலையகத் தமிழருக்குத் தனிச் சட்டம் ஒன்றும் இல்லை. நமக்குப் பொதுச் சட்டம், அதாவது 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். அது கொடுத்த காரணங்கள் மூன்றே மூன்று. பிறர்மனை சேர்தல், வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், கல்யாண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மையின்மை. அடி உதை அந்தப் பட்டியலில் இல்லை. சம்மதமும் இல்லை. ஏழு வருஷம் பிரிந்திருந்தோம் என்று சொன்னாலும் போதாது, குற்றம் காட்ட வேண்டும் என்று 1986இல் உயர் நீதிமன்றம் சொன்னது.

ஒரே ஊர். ஒரே பஸ் தரிப்பு. ஒரே சந்தை. பக்கத்துக் கிராமத்துக் கண்டியத் தம்பதியர் ஒத்துப்போகாவிட்டால் பதிவாளரிடம் போய்ச் சம்மதம் சொல்லிவிட்டுப் பிரியலாம். மேலே லயத்தில் இருக்கும் தம்பதியர் அதே முடிவுக்கு வந்தாலும் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், ஒருவர் மற்றவர்மீது பழி சொல்ல வேண்டும். இருவருக்கும் சம்மதம் என்றால் என்ன செய்வார்கள்? ஒருவர் குற்றம் சுமத்துவார், மற்றவர் வராமல் இருந்துவிடுவார், வழக்கு ஒருதலைப்பட்சமாக முடியும். கைவிட்டுப் போகாதவர் கைவிட்டுப் போனவராகப் பதிவாவார். உண்மையைச் சொன்னால் பிரிய முடியாது, பொய் சொன்னால் பிரியலாம் என்று வைத்திருக்கும் சட்டத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். பேச்சுரிமை காலிமுகத்திடலில் மட்டுந்தான் பறிபோகிறது என்று யார் சொன்னது?

இதற்கு மேலும் இருக்கிறது. கோயிலில் தாலி கட்டி, சனத்துக்குச் சாப்பாடு போட்டு நடத்திய கல்யாணங்களில் பதிவு இல்லாதவை நம் பக்கத்தில் எத்தனை! சம்பிரதாயப்படி நடந்த கல்யாணத்தை நீதிமன்றம் ஏற்கும். ஆனால் ஐயரையும் சாட்சிகளையும் கொண்டுவந்து நிரூபிக்க வேண்டும். தவணைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் கொழுந்துக்காரிக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். அன்று வழக்கு எடுக்காமல் தள்ளிப்போட்டால் பஸ் காசும் போச்சு, பேரும் போச்சு. கூண்டில் ஏறினால் அவள் தமிழில் சொல்வதைக் கோட்டு மொழிபெயர்ப்பாளரான முதலியார் சிங்களத்தில் சொல்வார், சிங்களத்தில் பதிவாகும். அரைப்பேர் போட்ட கணக்கப்பிள்ளையிடம் எதிர்த்துக் கேட்கத் தெரிந்தவளுக்கு, தன் வாக்குமூலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க முடியாது. இந்த மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தமிழர்.

இந்த வழக்குக்கு எந்த எச். வி. பெரேராவும் கொழும்பிலிருந்து வரவில்லை, எந்த சிட்னி ஸ்மித்தும் கடல் கடந்து வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை. இதற்கு மேதாவித்தனம் தேவையில்லை. பொறுமையும், தமிழும், திகதி தவறாமல் வரும் பழக்கமும் இருந்தால் போதும். அதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்.

முதலாவது, இங்கிருக்கும் சட்டத்தரணிகளுக்கு. அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரையில், நீதி அமைச்சர் அமைச்சரவையின் இணக்கத்தோடு, எந்த நீதிமன்றத்தின் பதிவையும் மற்ற மொழியிலும் வைத்திருக்கும்படி பணிக்கலாம் என்று எழுதியிருக்கிறது. இந்த மாவட்டத்துப் பிரதேச செயலகங்களை நிர்வாகத்துக்கு இருமொழிப் பிரிவுகள் என்று பிரகடனம் செய்தவர்களிடம், நுவரெலியா, ஹட்டன் நீதிமன்றங்களுக்கும் அதே நியாயத்தை எழுத்தில் கேளுங்கள். பிரேஸ்கேர்டில் வழக்கு வென்றது வரி வரியாக வாசித்ததால்தான். அந்த வரியையும் வாசியுங்கள்.

இரண்டாவது, சட்டம் இயற்றும் இடத்துக்கு நாம் அனுப்பி வைத்தவர்களுக்கு. சம்மதத்தோடு பிரிவது இந்த நாட்டில் ஒரு சாராருக்கு எழுபது வருஷத்துக்கு மேலாக இருக்கும் உரிமை. அதனால் அவர்கள் குடும்பங்கள் நாசமாகிவிடவில்லை. எல்லோருக்கும் அதைக் கொடுங்கள். சட்டத் திருத்தப் பேச்சு வந்து வந்து போவதை இனியும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

மூன்றாவது, முன்வரிசையில் இருக்கும் தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும். கல்யாணத்தைப் பதிவு செய்யுங்கள். சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். அடி விழுந்தால் விவாகரத்துக்குக் காரணம் ஆகுமா என்று காத்திருக்க வேண்டாம். 2005ஆம் ஆண்டு வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பிள்ளைக்குச் சாப்பாட்டுக் காசு தராவிட்டால் 1999ஆம் ஆண்டுத் தாபரிப்புச் சட்டம் இருக்கிறது. லோயருக்குக் கொடுக்கக் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். முதலியார் சொன்னது நீங்கள் சொன்னதுதானா என்று சந்தேகம் வந்தால், கூண்டிலேயே நின்று, “கனம் நீதிபதி அவர்களே, நான் அப்படிச் சொல்லவில்லை” என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

சட்டம் படிக்கப் போகும் மாணவர்களே, கொலைக் கேஸ் உங்களைத் தேடி வரும், பேச்சுரிமைக் கேஸும் ஒருநாள் வரும். அவை வரும்வரை, லயத்திலிருந்து இறங்கி வரும் அந்த ஒரு பெண்ணின் கேஸை எடுங்கள். தவணை தவறாமல் போய் நில்லுங்கள்.